யூதாசுக்கு உட்கார்ந்தவர்

கேத்தரினுக்கு வலது கைக் கட்டைவிரல் மடங்கவில்லை. காலையில் களி கிண்டும்போதே துடுப்பு பிடியில் நிற்காமல் வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டுதான் கிண்டி இறக்கினாள். மாசிக் கடைசியில் உட்கார்ந்தது, நாலு வாரமாகப் புளிதான். ஓடு உடைத்த பழத்தைக் கல்லின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் ஒரு தட்டு, கட்டைவிரலால் கொட்டையைப் பிதுக்கி ஒரு தள்ளு. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தள்ளு என்பது அந்த விரலுக்குத்தான் தெரியும். நகக்கண்ணில் புளிப்பு ஏறி, பச்சைத் தண்ணீர் பட்டாலே காந்தியது.

அன்றைக்குத் திங்கட்கிழமை. களத்தில் ஏழு பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கேத்தரின் மட்டும் ரோட்டைப் பார்த்த மாதிரி இடம் பிடித்திருந்தாள். அவள் புருசன் அமல்தாஸ் விடிகாலையிலேயே குட்டியானை வண்டி ஒன்றைக் கூட்டிக்கொண்டு தருமபுரி போயிருந்தான். கண்காட்சிக்குக் கொடுத்த படத்தைத் திருப்பி எடுத்து வர. பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவேன் என்றான். இப்போது தகரக் கொட்டகையின் நிழல் சுவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"ரோட்டப் பாத்தா கொட்ட தானா வெளிய வந்து வுழுமா?" என்றாள் பக்கத்தில் இருந்த அமுதவல்லி. "சுத்திய வெரல்ல போட்டுக்கப் போற."

"எங்க வூட்டுக்காரரு இன்னும் வரலக்கா."

"வருவாரு. தருமபுரி போன ஆம்பள சொன்ன நேரத்துக்கு வூடு திரும்பின கதை உண்டா? பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா தின்னுட்டு இருப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். தராசுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஜானகியம்மாள் சிரிக்கவில்லை. மரமும் களமும் புளியும் அவளுடையவை. அறுபத்து நாலு வயசு. நிமிராமலே கேட்டாள்.

"ஏ கேத்தரீனு. என் மனுசன் இன்னைக்கு வந்துடுவாரில்ல?"

"வந்துடுவாருங்கத்தை."

"வியாழக்கெழம தசமி. ஞாபகம் வெச்சுக்க."

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதில்லை. நாலு நாளாக அவளுக்கு வேறு ஞாபகமே இல்லை.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேட்டுக்கொட்டாய் ஊரில் அதற்கு ராச்சோத்துப் படம் என்று பெயர். அமல்தாஸின் அப்பா சவரி லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர் வேலை செய்தவர். லாரியின் பக்கவாட்டில் மயிலும் தாமரையும் புலியும் வரைந்த கை. முப்பத்தெட்டு வருசத்துக்கு முன்னால், பட்டறையில் கழித்துப்போட்ட மூன்று வேங்கைப் பலகைகளைச் சேர்த்து ஆணியடித்து, ஆறரை அடி நீளத்துக்கு இயேசுவின் கடைசி இராவுணவை எனாமல் பெயிண்டில் வரைந்தார். பந்தியில் ரொட்டி கிடையாது. ஆளுக்கொரு களி உருண்டை, நடுவில் ஒரே வட்டிலில் கீரைக் குழம்பு. சீடர்கள் பன்னிரண்டு பேருக்கும் ஊர் ஆட்களையே உட்கார வைத்து முகம் எடுத்தார்.

பேதுருவுக்கு மூன்று பேர் சண்டை போட்டார்கள். யோவானுக்கு உபதேசியாரே வந்து உட்கார்ந்தார். யூதாசுக்கு ஆள் கிடைக்கவில்லை. எந்தக் கிறிஸ்தவன் உட்காருவான்? பெண்டாட்டி சோறு போடமாட்டாள். வலது ஓரத்தில் ஒரு உடம்பு தலையில்லாமல் ஆறு மாசம் கிடந்தது. கடைசியில் பக்கத்துக் காட்டுக்காரர் தீர்த்தகிரி, மாரியம்மன் கோயிலுக்குத் தீ மிதிக்கிறவர், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே வந்து சொன்னார்: "ஒரு மொகத்துக்கா இவ்ளோ பஞ்சாயத்து? உங்க சாமி எங்கிட்ட வந்து கேக்காது. நான் உக்கார்றேன் சவரி." நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார். பன்னிரண்டு முகத்திலும் அதுதான் உயிரோடு வந்தது. சண்டை போடாமல், அசையாமல் உட்கார்ந்தவர் அவர் ஒருத்தர்தான்.

மூன்று வருசத்தில் தீர்த்தகிரி கிணற்று மோட்டாரில் கரண்ட் பிடித்துச் செத்துப்போனார். முப்பத்திரண்டு வயசு. கல்யாணத்தில் எடுத்த போட்டோ சுருள் வெளிச்சம் பட்டு வெளுத்துப்போயிருந்தது. அதற்கப்புறம் போட்டோ எடுக்க ஒரு அவசியமும் வரவில்லை. வாக்காளர் அட்டை வருவதற்கு முன்னாலேயே போய்விட்டார். அவர் பெண்டாட்டி ஜானகியம்மாளுக்கு அப்போது இருபத்தொன்பது. அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே முகம் அந்தப் பலகையின் ஓரத்தில் இருந்தது, யூதாசாக.

வருசா வருசம் பங்குனி வளர்பிறை தசமிக்கு அவள் இலையோடு வருவாள். படத்துக்கு முன்னால் படைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவாள். தசமி பெரும்பாலும் தவக்காலத்தின் கடைசியில்தான் வரும். அப்போது கிறிஸ்தவக் கோயிலில் சாமி சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடியிருப்பார்கள். வீட்டுப் படத்தையும் மூடுவது அந்த ஊர் வழக்கம். ஜானகியம்மாளுக்காக ஓரத்துத் துணியை மட்டும் தூக்கிவிடுவார்கள். ஒரு தடவை உபதேசியார் கேட்டதற்குச் சவரி சொன்னாராம்: "சாமிய மூடித்தான் வெச்சிருக்கேன். யூதாச மூடச் சொல்லி எங்க எழுதியிருக்குது?"

செல்போனில் படம் எடுக்க அவள் யாரையும் விட்டதில்லை. "அனுப்புறவன் தீர்த்தகிரின்னா அனுப்புவான்? யூதாசுன்னு போட்டுத்தான் அனுப்புவான்."

தை மாசம் தமிழ்மணி என்கிற காலேஜ் வாத்தியார் வந்து கண்காட்சிக்குக் கேட்டார். மாவட்டத்தில் வீடுகளில் இருக்கிற கைவேலைகளை எல்லாம் சேர்த்து, தருமபுரியில் ஒரு மண்டபத்தில் பத்து நாள் வைக்கப் போகிறார்களாம். அமல்தாஸுக்கு அப்பா பேர் வெளியே தெரியும் என்று ஆசை. ஜானகியம்மாளிடம் கேட்டபோது அவள் சொன்னது: "உங்கப்பன் வரைஞ்சது, உங்க பலகை. குடுங்க, வேணாங்கல. தசமிக்கு என் மனுசன் வூட்ல இருக்கணும்." கேத்தரின்தான், "நான் பொறுப்புங்கத்தை" என்றாள்.

அமல்தாஸ் வந்தபோது மணி நாலு. வண்டிச் சத்தம் கேட்டுக் கேத்தரின் எழுந்தாள். இடுப்பு நிமிர நேரமாயிற்று. வண்டிக்குப் பின்னால் பழைய போர்வையும் கயிறும் போன மாதிரியே சுருட்டிக் கிடந்தன.

அவன் நிற்காமல் வீட்டுப் பக்கம் ஓட்டச் சொல்லிக் கையைக் காட்டினான். களத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் கேத்தரின் நடந்தே போனாள். ஓடினால் கேட்பார்கள்.

"இல்ல," என்றான் அவன். தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

"இல்லன்னா?"

"மண்டபமே காலி. பெருக்கிட்டு இருக்காங்க. பந்தல்காரன் ராத்திரியே எல்லாத்தையும் அவுத்துட்டுப் போயிட்டான். சட்டி, பாய், மரப்பாச்சி எல்லாம் ஒரு ரூம்புல வெச்சுப் பூட்டியிருக்குது. நம்முது இல்ல."

"வாத்தியாரு என்ன சொல்றாரு?"

"அவரு ஒரு நோட்டப் பொரட்டுறாரு. 'ஓவியம் ஒண்ணு, பெற்றுக்கொள்ளப்பட்டது'ன்னு எழுதியிருக்குது, திருப்பிக் குடுத்ததா எழுதல, அதனால எங்கயும் போயிருக்காதுங்கறாரு. எழுதாட்டி போவாதாமா? இன்னொண்ணும் சொன்னாரு. ஞாயித்துக்கெழம அந்த எடத்துல படமே இல்லியாம். வெறும் ஊதாத் துணி சுத்தின போர்டு ஒண்ணு தான் நின்னுச்சாம். அப்ப சனிக்கெழம ராத்திரியே எவனோ…"



"நாந்தாங்க," என்றாள் கேத்தரின்.

"என்ன நீதான்?"

"நாந்தான் மூடினேன். சனிக்கெழம புளி சீக்கிரம் முடிஞ்சுதுன்னு பஸ் ஏறிப் போனனே. மறுநாளு மூடுற ஞாயிறு. கோயில்ல எல்லாம் மூடியாச்சு, நம்ம சாமி மட்டும் லைட்டு வெளிச்சத்துல தெறந்துக்கினு நிக்குது. எனக்கு மனசு கேக்கல. துணி கையில எடுத்துட்டுப் போயிருந்தேன். முன்னால போத்தி, பின்னால சணல் கயிறு போட்டுக் கட்டிட்டு வந்தேன். அங்க இருந்த பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு. எங்க வழக்கம் கண்ணுன்னேன். சரிங்க்கான்னுச்சு."

அமல்தாஸ் செம்பைக் கீழே வைத்தான்.

"அங்க தடுப்புக்கு வெச்சிருந்த பலகை எல்லாமே துணி சுத்தினது. நீலம், ஊதான்னு. பாத்தியா இல்லியா?"

அவள் பார்த்திருந்தாள். அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்திருந்தாள்.

"போயி பந்தல்காரன் பலகையோட பலகையாக் கட்டிக் குடுத்துட்டு வந்திருக்கற," என்றான். அடிக்கவில்லை. திட்டக்கூட இல்லை. அவன் கான்கிரீட்டுக்குப் பலகை அடைக்கிற சென்ட்ரிங் வேலைக்காரன்; ஒரு பலகை எப்படி இன்னொரு பலகையோடு போகும் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் அவன் குரல் அப்படி இறங்கிப்போயிருந்தது.

பந்தல்காரர் மாதேஸ்வரனின் நம்பர் வாங்கி வந்திருந்தான். போட்டால் எடுக்கவில்லை. பங்குனி மாசம் பந்தல்காரன் எவன் போனை எடுக்கிறான்? மூன்றாவது தடவை ஒரு பொம்பளைக் குரல் எடுத்து, அவர் எங்கேயோ கல்யாணத்தில் இருக்கிறார், புதன்கிழமை குடோனுக்கு வாங்க என்று வைத்துவிட்டது.

"அத்தைகிட்ட சொல்லிடலாங்க," என்றாள் கேத்தரின்.

"புதங்கெழம கெடச்சிரும். கெடச்சதுக்கப்புறம் சொல்லிக்கலாம். இப்பவே சொல்லி அந்தம்மா நெஞ்சப் புடிச்சுக்கினு உக்காந்தா?"

படம் இருந்த சுவர் வெறுமையாக இருந்தது. ஆறரை அடி நீளத்துக்குச் சுண்ணாம்பு வேறு நிறமாக, புதுசாக. கேத்தரின் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பின்னால் போய் அமல்தாஸின் சென்ட்ரிங் பிளைவுட் ஷீட் ஒன்றை இழுத்து வந்தாள். சிமெண்ட் காய்ந்து கெட்டியாக இருந்தது. பீரோவில் இருந்து தன்னுடைய ஊதாச் சேலையை எடுத்தாள். அவன் ஒரு பக்கம் பிடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து அதைச் சுவரில் சாய்த்துச் சேலையால் மூடினார்கள். மகள் பிளசி ஓசூரில் கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாள். இருந்திருந்தால் கேட்டிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜானகியம்மாள் வீட்டுக்கே வந்தாள். கையில் ஒரு சேவல், காலைக் கட்டியிருந்தது.

"இத உன் வூட்லயே போட்டு வையி. எங்கூட்ல நாய் உடமாட்டங்குது. வந்துட்டாராமே?"

"வந்துட்டாருங்கத்தை."

சொல்லிவிட்டாள். நாக்கு தானாகச் சொன்னது. சேவலை வாங்கும்போது கட்டைவிரல் வழுக்கி அது படபடவென்று அடித்துக்கொண்டது.

"நேத்து வண்டியில எறக்குனத நான் பாக்கலையே."

"பின்பக்கமா எறக்குனோங்க."

ஜானகியம்மாள் செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்து, மூடியிருந்த சேலைக்கு முன்னால் நின்றாள்.

"துணி புதுசா இருக்குது."

"பழசு கிழிஞ்சுபோச்சுங்கத்தை."

"அங்க ஜனம் வந்து பாத்துதா? எம்மனுசன பாத்து யாராச்சும் காறித் துப்பினாங்களா? யூதாசுன்னா துப்பணுமாமே உங்க ஆளுங்க."

"அதெல்லாம் இல்லீங்க. நல்லா இருக்குதுன்னாங்க."

"யாரு நல்லா இருக்காங்கன்னாங்க?"

"அவரத்தாங்க."

"சொல்லுவாங்க. சொல்லுவாங்க." ஜானகியம்மாள் வாயைக் கோணிக்கொண்டு சிரித்தாள். "உசுரோட இருந்தப்ப நல்லம்பள்ளி சந்தையத் தாண்டினதில்ல. செத்து முப்பத்தஞ்சு வருசம் கழிச்சுத் தருமபுரியில பத்து நாள் தங்கிட்டு வர்றாரு. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனாரா பாரு."

பிறகு கையை நீட்டி, வலது ஓரத்தில், தன் தலை உயரத்துக்கு, சேலையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தது வைத்தபடி நின்றாள்.  அந்தக் கைக்குக் கீழே இருந்தது நல்லம்பள்ளியில் யாரோ ஒருத்தர் வீட்டு மாடிக்குப் போட்ட கான்கிரீட்டின் சிமெண்ட் பொருக்கு.

"தூக்கிக் காட்டட்டுங்களா" என்று கேட்க வேண்டிய இடம் அது. எந்த வருசமும் அதைத்தான் கேட்பாள். இப்போது கேட்கவில்லை. ஜானகியம்மாளும் தூக்கச் சொல்லவில்லை. கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தசமிக்குப் பாத்துக்கலாம்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அன்று ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடவில்லை. தட்டப்பயிறு கடைந்தது அப்படியே இருந்தது. சேவல் மூலையில் கிடந்து கத்திக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை காலை மாதேஸ்வரனின் குடோன். கம்பைநல்லூர் போகிற ரோட்டில் தகரம் போட்ட பெரிய கொட்டகை. நாற்காலி மலை மாதிரி அடுக்கியிருந்தது. மாதேஸ்வரன் லுங்கியோடு வந்தார். நல்ல மனுசராகத்தான் இருந்தார்.

"எங்க பலகை எல்லாம் கலந்து கெடக்குதுங்க. எது எங்க போவுதுன்னு எனக்கே தெரியாது. மண்டபத்துல அவுத்த லோடு அப்படியே ஏரியூருக்குப் போயிருக்குது. காதுகுத்து. இருங்க, தர்மனக் கேக்கறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டார். தர்மன் என்பவன் குரல் பாத்திரச் சத்தத்துக்கு நடுவில் கேட்டது.

"ஊதாத் துணியாண்ணா? ஆமா, ஒண்ணு கல்லு மாதிரி கனமா இருந்துச்சு. யாரு பலகைடா இதுன்னு கூடப் பேசிக்கினோம். இங்கதாண்ணா இருக்குது."

"இருக்குதாம் பாருங்க," என்றார் மாதேஸ்வரன்.

கேத்தரின் சிலுவை போட்டுக்கொண்டாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவளுக்குப் பசித்தது. இரண்டு நாளில் முதல் தடவையாகப் பசி. பென்னாகரத்தில் நிறுத்தி ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டார்கள். அமல்தாஸ் பேசிக்கொண்டே வந்தான். "இனி எவன் வந்து கேட்டாலும் குடுக்கறதில்ல. வந்து வூட்லயே பாத்துட்டுப் போவட்டும்." வெயில் முகத்தில் அடித்தது. வழியெல்லாம் மரவள்ளி பிடுங்கிய காடு, செம்மண் வெந்து கிடந்தது.

காதுகுத்து முடிந்து சாமியானாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தர்மன் முப்பது வயசு ஆள், தலையில் துண்டு. "வாங்கண்ணா, வாங்க்கா," என்று சமையல் போட்ட பக்கம் கூட்டிப்போனான். பலகை அங்கே இருந்தது. இரண்டு டிரம்மின் மேல் குப்புறப் போட்டு, அதன் மேல் சாம்பார் வாளிகளை வைத்திருந்தார்கள்.

அமல்தாஸ் நடக்கும்போதே நின்றுவிட்டான். அவன் கண் அளவெடுத்துப் பழகின கண்.

"இது அஞ்சடிதான் இருக்குது," என்றான்.

"ஆமாண்ணா. ஒன்றரை அடி நீட்டிக்கினு நின்னுச்சு. பரிமாறுற பசங்க தொடையில இடிச்சுக்கறானுங்க. அதான் அறுத்துட்டேன்."

"எந்தப் பக்கம்?"

தர்மனுக்குக் கேள்வி புரியவில்லை. அமல்தாஸ் வாளிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினான். கேத்தரின் ஒரு முனையைப் பிடித்தாள். கட்டைவிரல் வலித்தது தெரியவில்லை. திருப்பித் துணியை உருவினார்கள். இயேசு இருந்தார். பேதுரு இருந்தார், யோவான் இருந்தார், பதினோரு பேர் இருந்தார்கள், களி உருண்டைகள் இருந்தன. சாம்பார் வழிந்த கறையும் இருந்தது. வலது ஓரத்தில், பதினோராவது ஆளின் தோளுக்கு அடுத்து, புது மரத்தின் நிறத்தில் அறுத்த வாளின் பல் தடம்.

"துண்டு எங்கப்பா?" என்றாள் கேத்தரின். "அறுத்த துண்டு."

"அது… அடுப்புல வெச்சுட்டாங்கக்கா. நேத்தே. மத்தியானம். மாஸ்டரு கூட சத்தம் போட்டாரு, என்னடா சோத்துல பெயிண்ட்டு நாத்தம் வருதுன்னு."

அவள் அடுப்புக்கு ஓடினாள். மூன்று கல் வைத்த பெரிய அடுப்பு, சாம்பல் ஆறிக் கிடந்தது. கையை விட்டுத் துழாவினாள். ஆணிகள் வந்தன. கரி வந்தது. ஒரு கரித்துண்டில் பச்சையாக ஏதோ கொப்புளித்து ஒட்டியிருந்தது. அது தீர்த்தகிரியின் தோள்துண்டா, பின்னாலிருந்த சுவரா தெரியவில்லை. பிடித்ததும் பொடிந்துபோனது.

தர்மனுக்கு அப்போதுதான் விசயம் ஏதோ பெரிசு என்று உறைத்தது. "அண்ணா, குப்புறத்தான் கெடந்துச்சு. துணிய அவுத்துத் திருப்பிக்கூடப் பாக்கலண்ணா. சத்தியமா. படம்னு தெரிஞ்சா சாமிப் படத்த அறுப்பனாண்ணா?"

அடிக்கப் போகிறான் என்று நினைத்துத் தர்மன் ஒரு அடி பின்னால் போனான். அமல்தாஸ் அடிக்கவில்லை. இருபது வருசத்தில் அவன் எத்தனை பலகை அறுத்திருப்பான்? நீட்டிக்கொண்டிருந்தால் அறுப்பதுதான். எதைத் திருப்பிப் பார்த்தான்?

"எந்த வாளுப்பா?" என்று மட்டும் கேட்டான்.

"கைவாளுதாண்ணா."

"வேங்கை. கஷ்டப்பட்டிருப்ப."

"ஆமாண்ணா," என்றான் தர்மன், தலையைக் குனிந்துகொண்டு.

பந்தல் வண்டியிலேயே ஏற்றி, தர்மன் கூடவே வந்து வீட்டில் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். வரும் வழியில் தமிழ்மணி வாத்தியாருக்குப் போன் செய்தான் அமல்தாஸ். அவர் ரொம்ப வருந்தினார். புகார் கொடுக்கலாம் என்றார், வேண்டாம் என்றும் அவரே சொன்னார். போட்டோ எடுக்கக் கூடாது என்ற விதியை மீறி ஒரு மாணவி எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது, அதில் அந்த ஓரம் தெரிகிறது என்றார். அனுப்பினார். மாணவி படத்துக்கு முன்னால் நின்று சிரிக்கிறாள். அவள் காதுக்கு அந்தப் பக்கம், டியூப் லைட் வெளிச்சம் எனாமலில் பட்டுத் தெறிக்க, மிளகு அளவுக்கு ஒரு முகம்.

நல்லம்பள்ளியில் ஃப்ளெக்ஸ் கடையில் அதைப் பெரிசாக்கிக் கொண்டுவந்தான். கட்டம் கட்டமாக இருந்தது. தள்ளி நின்று பார்த்தால் ஆள். கிட்டே போனால் கட்டம்.

"ஒரு பலகத் துண்டுல ஒட்டிப் பக்கத்துல ஆணியடிச்சிடறேன்," என்றான். "ஓரத்த மட்டுந்தான தூக்கப் போறோம். அந்தம்மாவுக்கு ஒரு கண்ணுல புரை. வூட்டுக்குள்ள வெளிச்சமும் கம்மி."

 அவன் ஆணியடித்தான்; பிளைவுட்டை எடுத்துவிட்டுப் படத்தை அங்கே வைத்துச் சேலையால் மூடினான். வேண்டாம் என்று கேத்தரின் சொல்லவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜானகியம்மாள் குளித்து, கோடிச் சேலை கட்டி, வாழை இலையும் பாத்திரமுமாக வந்தாள். களி, விடியற்காலையில் ஆள் விட்டு வாங்கிப்போன சேவலின் குழம்பு, ஒரு கவுளி வெற்றிலை. அமல்தாஸ் துணியின் ஓரத்தைப் பிடிக்கப் போனான்.

"அத்தை," என்றாள் கேத்தரின்.

சொன்னாள். சனிக்கிழமை துணி கட்டியதில் ஆரம்பித்தாள். இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்ததால் ஏரியூர் அடுப்பு வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னாள். ஃப்ளெக்ஸையும் சொன்னாள். அமல்தாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜானகியம்மாள் இலையைக் கீழே வைக்கவில்லை.

"எடு துணிய."

"ஓரத்தையாங்க?"

"மொத்தத்தையும் எடு."

மூடுற ஞாயிற்றுக்கு அப்புறம் வீட்டில் அந்தப் படம் முழுசாகத் திறந்தது அதுதான் முதல் தடவை. கேத்தரினே உருவி எடுத்தாள். ஜானகியம்மாள் கிட்டே போய் ஃப்ளெக்ஸ் ஒட்டிய துண்டைப் பார்த்தாள். பின்னால் நகர்ந்து பார்த்தாள். மறுபடி கிட்டே போனாள்.

"இது யாரு?" என்றாள்.

அந்தத் துண்டின் மேல் விரலால் தட்டினாள்.

"புடுங்கிப் போடு அமலு."

அவன் சுத்தியைத் தேடி எடுத்துப் பிடுங்கினான். ஆணி கிரீச்சென்று வந்தது. அறுத்த ஓரத்தில் அவள் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தாள். மரச் சிலாம்பு குத்தியிருக்க வேண்டும், ஆனாலும் விரலை எடுக்கவில்லை. பாதி வரைக்கும் வந்த விரல் நின்றது. வாள் முகத்தையும் உடம்பையும் கொண்டுபோயிருந்தது. நீட்டின கையை விட்டுவிட்டிருந்தது. முழங்கையிலிருந்து, வெள்ளிக் காப்போடு, சாமியின் கைக்குப் பக்கத்தில் கீரை வட்டிலுக்குள் இறங்கிய ஒரு வலது கை.

"இந்தக் காப்ப வித்துத்தான் கெணத்துக்குக் கல்லு கட்டினோம்," என்றாள். வேறு யாரிடமோ சொல்வது மாதிரி இருந்தது.

அந்தக் கைக்கு நேராக இலையைப் போட்டாள். களியை வைத்தாள், குழம்பை ஊற்றினாள், வெற்றிலையை வைத்தாள். கும்பிடவில்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பு ஆடை கட்டியது. கேத்தரினுக்குக் கால் மரத்துப்போயிற்று, உட்காரத் துணியவில்லை.

"அறுத்தவன் தெரியாம அறுத்தான்," என்றாள் ஜானகியம்மாள் கடைசியில். "நீ உன் சாமிக்காகத் துணி கட்டின. அதுவும் சரி. செவ்வாக்கெழம நான் அந்தச் சேலை மேல கைய வெச்சுக்கினு நின்னேன். பக்கத்துல நின்னு பாத்துக்கினுதான இருந்த? வெக்க உட்ட பாரு."

"தப்புங்கத்தை."

"அவரு அங்க இருக்காருன்னு வெச்சேன்."

கேத்தரின் அழுதாள். ஜானகியம்மாள் அழவில்லை. எழுந்து, வெறும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள்.

"அழுதுட்டு நாளைக்குப் புளிக்கு வராம இருந்துடாத. இன்னும் பதினெட்டு மூட்ட கெடக்குது. நீ தெனமும் வரணும். எங்கண்ணு முன்னாடி உக்காரணும்."

"வர்றேங்க."

"பொறுப்புன்னு சொன்னது யாரு?"

"நாந்தாங்க."

"அப்ப நீதான் எனக்குக் குடுக்கணும். இது கை. மொகம் பாக்கி."

"ஆமாங்கத்தை," என்றாள் கேத்தரின். "மொகம் பாக்கிங்க."